படியடியில் நிற்கும் நீலச் சேவகன்

லிஸ்பனில் எங்கள் கட்டடத்து மாடிப்படியின் அடியில் ஒருத்தன் நிற்கிறான். நீல டைல்ஸில் வரைந்த சேவகன், ஆள் உயரம். தலையில் பொய்முடி, இடுப்பில் வாள், ஒரு கையை நீட்டி "வாங்க, மேலே ஏறுங்க" என்கிற பாவனை. சொல்வதற்கென்ன, அவனா நாலு மாடி ஏறுகிறான்?

என் புருஷன் ஹெர்மீனியோவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. எட்டு மாதமாகத் தெருவில் இறங்கவில்லை. எதிர்க் காபிக்கடையில் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளிகள் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். லிஃப்ட் வைக்க இடம் ஒன்றே ஒன்று, அந்தத் தடியன் நிற்கிற சுவர். இருநூற்றெழுபது வருஷத்துப் பழசு, தொடக்கூடாது என்று நகராட்சி மூன்று முறை எழுதிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் கடைசியாக ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். மேலே வந்ததும் அவர் நாற்காலியில் விழுந்து மூச்சு வாங்கினார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. அது பொக்கிஷம். ஒண்ணும் பண்ண முடியாது."

அப்போதுதான் ஹெர்மீனியோ வாயைத் திறந்தார்.

"சார், அது அசல் இல்ல. அப்ப கட்டடம் முழுக்க எங்கப்பாவோடது. எழுபத்தொண்ணுல, இவ பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, அசலை வித்துட்டு நகலை ஒட்ட வெச்சேன்."

ஐம்பது வருஷமாக வாரம் தவறாமல் அந்த மூஞ்சியைத் துடைத்திருக்கிறேன்!

"யோவ்! எட்டு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? அந்தக் காசுல வாங்கின தையல் மெஷினை லாட்டரில விழுந்துச்சுன்னு சொன்னேன், நீ ஊரெல்லாம் பெருமையடிச்சியே."

அந்த மெஷினை மிதித்துத்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். இனி எந்த வாயால் திட்டுவது?

அதிகாரி இறங்கிப் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி நாலு மாடி ஏறி வந்தார்.

"ஐயா சொன்னது சரிதான். நகல்தான்."

நான் துள்ளி எழுந்தேன்.

"ஆனா கையால வரைஞ்சது. ஐம்பது வருஷம் தாண்டிடுச்சு. அதனால இதையும் தொடக்கூடாது."

ஹெர்மீனியோ தலையைக் குனிந்துகொண்டார். மானத்தை விட்டுச் சொன்னதற்கு இதுதான் பலனா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அப்போ இன்னொரு தாளும் எழுதுங்க சார். இவருக்கு எழுபத்தெட்டு வயசு. நகல் இல்ல, அசல். இவரையும் பத்திரமாப் பாத்துக்கணும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."