புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்

என் கணக்கில் தப்பு இல்லை. பெருக்கல் சரி, சூத்திரம் சரி, யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பழைய கட்டடங்களை இடிக்கும் கம்பெனியில் எடைக்கணக்குப் போடுவது என் வேலை. எதைத் தூக்குவதானாலும் முதலில் என் சீட்டு போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் கிரேன்காரர் கைப்பிடியைத் தொடுவார். என் தம்பி அதே கம்பெனியில் கீழே நின்று கயிறு பிடிப்பவன். தொங்கும் சுமை சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வான்.

செவ்வாய்க்கிழமை காலை போன் செய்தான். தூக்க வேண்டியது உருண்டையான ஒரு கான்கிரீட் தூண் துண்டு. சுற்றிலும் கம்பிகள் முறுக்கிக்கொண்டு கிடந்ததால் டேப்பை உள்ளே விட முடியவில்லை.

“கையை விரிச்சுப் பார்த்தேன்க்கா. குறுக்கே ஒன்றரை மீட்டர் வரும். உயரம் ரெண்டு. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பார்த்துப் போட்டுக்கோ.”

“உன் கைதான் எனக்கு டேப்பாடா?”

“இந்தக் கைக்கு என்ன குறைச்சல்?” என்று சிரித்தான்.

கான்கிரீட்டின் எடையால் பெருக்கியதும் கால்குலேட்டர் 8.4823001 டன் என்று காட்டியது. இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர யாரும் வேண்டாம். அளந்ததில் எத்தனை இலக்கத்தை நம்பலாமோ அத்தனைதான் விடையிலும் நிற்க வேண்டும். கையை விரித்து அளந்த அளவுக்கு ஒரு இலக்கமே அதிகம். ‘எட்டு டன் இருக்கலாம், பத்தும் இருக்கலாம், சரியாக அளக்கவும்’ என்று எழுதியிருக்க வேண்டும். நான் 8.482 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

கிரேன் தன் கையை நீட்டியிருந்த தூரத்துக்கு ஒன்பது டன்தான் தாங்கும். தூண் தரையை விட்டு எழும்பியதும் கிரேனின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. தூண் சாய்ந்து கம்பிக் குவியல் பக்கமாக இறங்கியது. தம்பி ஓடியதும் அந்தப் பக்கம்தான். பிறகு பெரிய கிரேன் கொண்டுவந்து எடுத்து எடை பார்த்தார்கள். பத்து டன்னைத் தொட்டது.

கிரேன்காரர் விசாரணையில் அழுதார். “எட்டு சொச்சம்னு இருந்தா நானே இறங்கிப் போய் ஒரு தடவை பார்த்திருப்பேன் சார். புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கம் போட்டிருந்துச்சு. கிலோ சுத்தமா அளந்திருக்காங்கன்னு நினைச்சேன்.”

அதிகாரி சீட்டை என் பக்கம் திருப்பினார். “கடைசியில ஒரு ரெண்டு இருக்கே, ரெண்டு கிலோ, இதை எதை வெச்சு அளந்தீங்க?”

அதை யாரும் அளக்கவில்லை. கால்குலேட்டர் காட்டியது, நான் பார்த்து எழுதினேன், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். “அளந்தது உன் தம்பி. தப்பா அளந்துட்டான்னு எழுதிக் குடு. போனவன் வந்து மறுக்கப் போறதில்ல. உன் வேலையாவது மிஞ்சும்.”

செத்தவன் தலையில் கட்டுவது எவ்வளவு சுலபம்! ஒரு நிமிடம் நானும் யோசித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு உள்ளே போய், முன்னே பின்னே இருக்கும் என்று அவன் சொன்னதையும், நான் அதை விழுங்கிவிட்டு மூன்று இலக்கம் எழுதியதையும் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன்.

அங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி தரையில் உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டைகளும் அதில் இருந்தன. ஒன்று விடாமல் சொன்னேன்.

“அப்படி எழுதக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணி?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் எழுதினீங்க?”

“போன மாசம் ஒரு சீட்டுல ‘ஆறு டன் இருக்கும்’னு எழுதினேன். மேனேஜர் அதை எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டி, இது கணக்கா ஜோசியமான்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அசிங்கமாப் போச்சும்மா.”

கையில் இருந்த சட்டையை அவள் மடியில் வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

“அதுக்கா?” என்றாள்.