கழுவிய கால்

"இந்தக் காலுக்கு மேஸ் ஏறாது," என்றான் சவத்தை உடுத்தப் பாலாவியிலிருந்து வந்த மலர்ச்சாலைக்காரன்.

இடக்காலுக்கு வெள்ளைக் காலுறை போட்டாகிவிட்டது. கைகளுக்கும் வெள்ளை உறை மாட்டியாகிவிட்டது. வலக்காலில் மட்டும் பாதத்திலிருந்து கணுக்கால்வரை நீலக்கட்டம் போட்ட சாரத்துணியால் கட்டுப் போட்டிருந்தது. "அவிழ்த்திட்டுப் போடட்டோ?" என்று அவன் நிக்கொலஸைப் பார்த்தான்.

நிக்கொலஸ் தகப்பனின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். துணி வெளுத்துச் சுத்தமாக இருந்தது. முடிச்சு புண்ணை அழுத்தாதபடி ஓரமாகத் தள்ளிப் போடப்பட்டிருந்தது. அந்தக் கட்டை அவன் போடவில்லை.

"அவிழ்க்க வேண்டாம், கிடக்கட்டும்," என்றாள் மெற்றில்டா. அவனுடைய மனைவி. இரவு முழுக்க அழுது குரல் கம்மிப் போயிருந்தது. "கோயிலுக்குப் போகமுதல் கழுவிக் கட்டினீங்களோ? துணி முடிஞ்சுதெண்டு சாரத்தைக் கிழிச்சிருக்கிறீங்க." அவள் அவனுடைய முழங்கையைப் பிடித்தாள். பிடித்து எத்தனையோ காலம். "நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன்."

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அவன் வாயைத் திறக்குமுன் செபமாலை மாமி குறுக்கே வந்துவிட்டாள். செத்த மனுசனின் தங்கச்சி அவள். "என்ர தமையன்ர காலைக் கழுவிப்போட்டுத்தான் பிள்ளை கோயிலுக்கு வந்திருக்கிறான், பாத்தீங்களோ!" என்று அவள் வைத்த ஒப்பாரி பந்தல்வரை கேட்டது. பந்தலில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். மாமியின் வாயில் ஒன்று விழுந்தால் ஆலங்குடா ஊர் முழுவதும் போய்வராமல் அடங்காது.

அப்பா சந்தியோகருக்குச் சீனி வருத்தம். ஒரு வருசமாக வலக்காலில் ஆறாத புண். அதைக் காலையும் மாலையும் கழுவிக் கட்டியது மெற்றில்டா. நிக்கொலஸ் மருந்து வாங்கி வருவான், கிளினிக்குக்குக் கூட்டிப்போவான், செபம் சொல்வான். காலை மட்டும் தொடமாட்டான். புண் மணக்கும். "உங்கட அப்பா, ஒருநாளைக்காவது தொட்டுப் பாருங்கோவன்," என்று அவள் சொல்லிச் சொல்லி, பிறகு சொல்வதையும் விட்டுவிட்டாள். இருவருக்குமிடையில் கதை குறைந்துபோனது அதிலிருந்துதான்.

இத்தனைக்கும் ஊரில் நிக்கொலஸுக்கு நல்ல பேர். கோயில் சபைக்குத் தலைவர். பெரிய வியாழனன்று சுவாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவும்போது, பேதுருவின் கதிரை, அதாவது முதல் நாற்காலி, பல வருசமாக அவனுடையதுதான்.

கால் கழுவும் சடங்கு என்று பேர். ஆனால் கழுவாத காலை யார் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள்? பன்னிரண்டு பேர் வீட்டிலும் வியாழன் பின்னேரம் ஒரே தேய்ப்புத்தான். தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடரும் போட்டு வருவார்கள். ஒருமுறை ஒருவர் கரைவலை இழுத்த காலோடு நேரே வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை அடுத்த வருசம் யாரும் கேட்கவில்லை. சுவாமியாருக்கு மிஞ்சுவது ஈரமாக்கித் துடைக்கிற வேலை மட்டுந்தான்.

நேற்றும் அப்படித்தான். மெற்றில்டாவும் பிள்ளைகளும் பாட்டுக்குழுவுக்காக முன்னாலேயே போய்விட்டார்கள். போகும்போது, "மாமாட கால் இன்னும் கழுவேல்லை, பூசை முடிஞ்சு ஓடி வாறன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நிக்கொலஸ் குளித்து, குதிக்காலைக் கல்லில் தேய்த்து, வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டு வெளிக்கிட்டான்.

"நிக்கொலஸ்," என்று உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். "காலை ஒருக்காக் கழுவி விடு மோனை. எரியுது."

அவன் முற்றத்தில் நின்றுவிட்டான். வேட்டியைப் பார்த்தான். தொட்டால் மணம் கையில் நிற்கும், சீழ் எங்காவது படும், நேரமும் போய்விட்டது. வந்து செய்யலாம் என்றுதான் நினைத்தான். அதையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்த அவர்கள் வீட்டுக் கேற் திறந்தால் கிறீச்சிடும். அது சத்தம் போடாதபடி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துத் திறந்து, தூக்கிப் பிடித்தே சாத்தினான். வெளியே ஒழுங்கையில் இறங்கியபோது இரண்டாந்தரமும் கூப்பிட்டது கேட்டது.

கோயிலில் சுவாமியார் முழங்காலில் நின்று, செம்புத் தண்ணீரை அவன் பாதத்தில் ஊற்றி, துவாயால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார். தண்ணீர் சில்லென்றிருந்தது. பூசை முடிந்து வந்து பார்த்தபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். மெற்றில்டா தொட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

பெரிய வியாழனிலிருந்து உயிர்ப்புவரை கோயில் மணி அடிப்பதில்லை. மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சந்தியோகருக்குத் துக்க மணியும் இல்லை, பெரிய வெள்ளியில் பூசையும் இல்லை. மூன்று மணி ஆராதனைக்கு முன் வீட்டில் செபம் சொல்லி அடக்கம் செய்வதென்று சுவாமியார் சொல்லிவிட்டார்.

அந்த நீலக்கட்டச் சாரம் யாருடையதென்று நிக்கொலஸுக்குத் தெரியும். பக்கத்து வளவுக் கொடியில் அது காய்வதை நெடுக வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறான். அந்த வளவு மர்ஸூக்குடையது. அவன் குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்து குடியேறியது. சண்டை முடிந்து சனம் திரும்பிப் போனபோதும் அவன் போகவில்லை. இப்போது வீட்டுக்குப் பின்னால் வாடகைக் கதிரைகளை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

நிக்கொலஸ் அவனிடம் போய் நின்றான். "நீயோ மர்ஸூக் கட்டினது?"

"ஓம் மச்சான்." மர்ஸூக் கதிரையைக் கீழே வைத்தான். "மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்துட்டு நின்டேன். மாமா கூப்பிட்டது கேட்டிச்சு. தண்ணி கையிலதானே இருந்திச்சு, அப்படியே வந்துட்டேன். சுடுதண்ணி வச்சுக் கழுவிக் கட்டிவிட்டேன். எரிவு குறைஞ்சிட்டுதுன்டாரு. படுக்கப்போறேன்டு சொன்னாரு."

"வேற ஏதும் சொன்னவரோ?"

"உங்களக் கேட்டாரு. கோயிலுக்குப் போயிட்டாருன்டேன்." மர்ஸூக் தயங்கினான். அவன் கண் கேற்றுப் பக்கம் போய்த் திரும்பியது. "நீங்க அப்பத்தானே வெளிக்கிட்டீங்க. உங்களுக்குக் கேட்டிருக்காது."

நிக்கொலஸும் அங்கே திரும்பிப் பார்த்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்றடி. கிணற்றடியில் நின்றால் கேற் தெரியும். தான் கேற்றைத் தூக்கிப் பிடித்ததை இவன் பார்த்திருப்பானோ? பார்த்துவிட்டுத்தான் இப்படிச் சொல்கிறானோ?

"மாமி எல்லாருக்கும் நான்தான் கட்டினதெண்டு..."

"விடுங்க மச்சான். ஆரு கட்டினா என்ன? இப்ப அதயா கதைக்கிற?" மர்ஸூக் கதிரையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

அவன் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

சுவாமியார் வந்தார். மாமி அவரையும் விட்டுவைக்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் நின்று அவர் சுருக்கமாகத்தான் பேசினார். "நேற்று நான் நிக்கொலஸின் காலைக் கழுவினேன். அதற்கு முதலே அவர் வீட்டில் தன் தகப்பனின் புண்பட்ட காலைக் கழுவிக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். நான் செய்தது சடங்கு. அவர் செய்தது வாழ்க்கை. கிறிஸ்துவின் சீடன் என்பவன் வேறு யார்?"

எல்லார் கண்ணும் நிக்கொலஸின் மேல். மெற்றில்டா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து அவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணம் கட்டிய புதிதில் பார்த்த பார்வை அது. பந்தல் காலோடு சாய்ந்து நின்ற மர்ஸூக் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்ல வேண்டும் என்று நிக்கொலஸுக்குத் தெரிந்தது. ஓரடி முன்னுக்கு வைத்தான். அதற்குள் சுவாமியார் தீர்த்தம் தெளித்தார், பெட்டியின் மூடி வந்துவிட்டது. கடைசியாக அவன் கண்டது ஒரு காலில் வெள்ளையும் மறுகாலில் நீலக்கட்டமும்.

அடக்கம் செய்யும் சவக்காலை கடற்கரையோரம். மணல் வழி. மரக்கட்டைச் சத்தத்தின் பின்னால் வெறுங்காலோடு நடந்தான். வழிநெடுக ஆட்கள் கையைப் பிடித்தார்கள். "குடுத்து வச்ச மனுசன் சந்தியோகர். இப்படியொரு பிள்ளை." ஒவ்வொருவருக்கும் அவன் தலையை ஆட்டினான். ஒவ்வொரு ஆட்டலும் ஒரு பொய்யென்று தெரிந்துதான் ஆட்டினான். குழிக்குள் மண்ணைப் போட்டபோது அழுகை வரவில்லை. அழுதால் அதையும் மெச்சுவார்கள் என்று பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது மர்ஸூக் முந்திவந்து, கேற்றுக்கு வெளியே இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான். சவக்காலைக்குப் போனவர்கள் கால் கழுவாமல் வீட்டுக்குள் போவதில்லை. வயசானவர்களுக்குக் குனிய முடியாதென்று அவனே குவளையால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். நிக்கொலஸ் எல்லாரையும் விட்டுக் கடைசியாக வந்தான்.

மெற்றில்டா துவாயோடு கேற்றடியில் நின்றாள். "கெதியாக் கழுவிப்போட்டு வாங்கோ. காலமை தொட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை நீங்க."

"நீட்டுங்க மச்சான்," என்றான் மர்ஸூக், குவளையோடு குனிந்தபடி.

நிக்கொலஸ் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"என்ன மச்சான், மண்ணோட உள்ள போகேலாதே."

"நீ ஊத்தாதை."

"ஏன்?"

"அப்பாட காலையும் நீதானே கழுவினாய்." அவன் மர்ஸூக்கைப் பார்க்காமல் மெற்றில்டாவைப் பார்த்துச் சொன்னான். "நான் தொடேல்லை மெற்றில்டா. அப்பா கூப்பிட்டவர். ரெண்டுதரம். எனக்குக் கேட்டது. கேற்றைத் தூக்கிப் பிடிச்சுத் திறந்துகொண்டு போனனான்."

மர்ஸூக் நிமிரவில்லை. குவளை சரிந்து தண்ணீர் மணலில் ஊற்றிக்கொண்டிருந்தது. மெற்றில்டா நிக்கொலஸின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மண் ஒட்டியிருந்த, நகம் வெட்டிய அவன் பாதங்களைப் பார்த்தாள். கையிலிருந்த துவாயை இரண்டாக மடித்தாள், அதை இன்னும் ஒருதரம் மடித்தாள், நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கேற்றைச் சாத்திவிட்டுத்தான் போனாள். தூக்கிப் பிடிக்கவில்லை. அது ஒழுங்கை முனைவரை கேட்கும்படி கிறீச்சிட்டது.