குழாய்க்குள் வந்த சேறு

இறால் பண்ணைக்காரர்களும் இப்படித்தான் வந்தார்கள். தண்ணீரின் உப்பைப் பார்க்கிறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த மாரிக்குள் கரையில் பாதி கம்பிவேலிக்குள் போய்விட்டது. சுலோஜனா தன் தோணியைக் கட்டிவைத்த இடமும் அந்த வேலிக்குள்தான் கிடக்கிறது.

அதனால், வவுணதீவுப் பக்கத்து வாவியில் அவள் நண்டு வலை போடும் இடத்துக்கு நேரே முக்காலி பூட்டிய மிதவை ஒன்று வந்து நின்றபோது அவள் வலையை விட்டுவிட்டுத் தோணியை அதனருகே செலுத்தினாள். மிதவையில் இரண்டு பேர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற ஆர்த்திகா என்ற வாகரைப் பெண்; அவளோடு வேலை செய்கிற காத்தான்குடி நளீர். நீளமான வெள்ளைக் குழாய்களை வாவியின் அடியில் இறக்கி, சேறு கலைந்துவிடக்கூடாதென்று மெல்ல மேலே இழுத்து, இரண்டு முனையையும் மூடினார்கள்.

“என்னத்துக்குப் புள்ள சேறு?” என்று கேட்டாள் சுலோஜனா.

“வருசா வருசம் அடியில படியுறது ஒண்டுக்கு மேல ஒண்டாக் கிடக்கும் அக்கா. மனுசன் இந்தப் பூமிய எவ்வளவு மாத்திப்போட்டான் எண்டு அதில பாக்கலாம்.”

சேற்றுக்காக யாராவது வெயிலில் இந்தப் பாடுபடுவார்களா? கடற்கரைப் பக்கம் விலைபோகிற கறுப்பு மணலுக்கு ஆட்கள் அலைவது ஊருக்கே தெரியும். குழாய்களை நிழலில் நிமிர்த்தி வைக்க இடம் வேண்டுமென்று ஆர்த்திகா கேட்டதும் சுலோஜனா வலை வைக்கிற குடிசையான தன் வாடியைத் திறந்துவிட்டாள். கணவன் தங்கராசாவுக்கு ஆச்சரியம்.

“உனக்கென்னகா, திடீரெண்டு இரக்கம்?”

“கண்ணுக்கு முன்னால கிடந்தாத்தானே என்ன செய்யிறாங்க எண்டு தெரியும்.”

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆர்த்திகா சொன்ன நேரத்துக்கு வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். நளீர்தான் சரியில்லை. போன் வந்தால் எழும்பிக் கண்டல் மரங்களுக்கு அங்கால் போய்விடுவான். ஒருநாள் வலை காயப்போடுகிற சாட்டில் அவளும் பின்னால் போனாள்.

“ஓம் சேர், இடம் நல்லா இருக்கு. இல்ல, ஊராக்களுக்கு இன்னும் சொல்லல்ல” என்று அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது.

அன்று மத்தியானம் இருவரும் சாப்பிடப் போனபின் சுலோஜனா வாடிக்குள் நுழைந்து, ஒரு குழாயை நிலத்தில் கிடத்தி, தங்கராசாவின் மரம் அறுக்கிற வாளால் நெடுக அறுத்துப் பிளந்தாள். அடிப்பக்கம் சாம்பல் நிறக் களி, வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருந்தது. மேலே வர வர நிறம் கறுத்தது. உச்சியில் சாண் அளவுக்குச் சேறும் நைலோன் நூலும் சிக்கலாகக் கிடந்தன. அதற்குள் ஒரு ஷாம்பூ பைக்கற்றின் மூலை. விரலால் கிண்டிப் பார்த்தாள். கறுப்பு மணல் ஒரு சிட்டிகைகூட இல்லை. பச்சை நூலை இழுத்தபோது அவள் கை நின்றுவிட்டது. அது அவர்கள் வீசி எறிகிற பழைய வலையின் நூல்.

வாசலில் நிழல் விழுந்தது. பிளந்த குழாயைப் பார்த்ததும் ஆர்த்திகா அதனருகே குந்தி இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தாள்.

“இதுதான் அக்கா கலையாம வந்த ஒரே குழாய்” என்றாள்.

சுலோஜனாவுக்கு ஒரு கணம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. “ஊராக்களுக்கு இன்னும் சொல்லல்ல எண்டு இந்தத் தம்பி போன்ல சொன்னாரே, அது என்ன?”

ஆர்த்திகா திரும்பிப் பின்னால் நின்ற நளீரைப் பார்த்தாள். அவளுக்கும் அது புதிது என்று அந்த முகமே சொன்னது.

நளீர் கையைப் பிசைந்தான். “மனுசன் பூமிய மாத்தின காலத்துக்கு அடையாளமா வைக்க ஒரு வெளிநாட்டுக் குழு இடம் தேடுது அக்கா. இந்த இடத்தையும் பாக்கிறாங்க. எடுத்தா, சேறு கலையக்கூடாது எண்டு தோணி, வலை எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லுவாங்க. முடிவாகுமட்டும் கதைக்க வேணாமெண்டு அந்தக் குழுவில ஒரு சேர் சொன்னார்.”

“அப்ப இந்தமுற வேலி கம்பியில்லாம வருது” என்றாள் சுலோஜனா.

அவள் சத்தம் போடவில்லை. வெளியே போய் மீனவர் சங்கத்து ஆட்களைக் கரைக்குக் கூப்பிட்டாள். பிளந்த குழாயைப் பாயில் வைத்து, நளீர் சொன்னதை ஒன்றும் விடாமல் ஆர்த்திகாவையே சொல்ல வைத்தாள். குழாய்களை வாவியில் எறியச் சொன்னவர்களும் இருந்தார்கள். நூலை எடுத்துத் தங்கள் வலையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

“மறைக்கிறதெண்டா இப்பவே போங்க. சேறு எடுக்கிறதெண்டா வலை போடுற இடத்துக்கு அங்கால எடுங்க. மிதவையில நானும் வருவன்” என்று முடித்தாள் சுலோஜனா.

மறுநாள் போனாள். கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மூடியைத் தானே இறுக்கினாள். நளீரின் போன் அடிக்கும்போதெல்லாம், “இஞ்ச நிண்டே கதை தம்பி” என்றாள். அவனும் நின்றே கதைத்தான்.

மாரி முடிந்தபின் ஆர்த்திகா தனியாக வந்தாள். வெளிநாட்டுக் குழு வேறெங்கோ ஒரு குளத்தைத் தெரிந்தெடுத்துவிட்டதாம். ஊர் மூச்சுவிட்டது. ஆனால் மேல் சேற்றில் கிடந்த நூலில் பெரும்பங்கு ஊராரின் வலைகளில் இருந்து வந்ததுதான் என்றும் அவள் சொன்னாள். அது யாருக்கும் பிடிக்கவில்லை; அவளும் அதை மழுப்பவில்லை.

“மறுகா வேற ஆரும் வரமாட்டாங்களா?” என்று கேட்டாள் சுலோஜனா.

“அத என்னால சொல்ல ஏலா அக்கா.”

வரமாட்டார்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் சுலோஜனா நம்பியிருக்கமாட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.