நாற்பதுக்குக் கீழே

செல்வக்குமாரிடம் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அவன் கண் நேராகக் கடைசிக் கட்டத்துக்குத்தான் போகும். பாஸா, ஃபெயிலா? அவ்வளவுதான் அவனுக்கு வேண்டும். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். துவைத்தால் துணி எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று லேபிலிருந்து ரிப்போர்ட் வரும். அவன் சரி சொல்லாமல் ஒரு பெட்டி கப்பல் ஏறாது. அந்த ரிப்போர்ட்டில் எல்லாமே 'இதற்கு மேல் போகக் கூடாது' என்கிற கணக்கு. சுருக்கம் நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் பாஸ். இரண்டு என்றால் பேஷ் பேஷ்! எண் இறங்க இறங்க நல்ல சரக்கு. இத்தனை வருஷமாக அதையே பார்த்துப் பழகிய கண் அது.

மனைவி தேவிப்பிரியாவுக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. "இருக்கிற டெஸ்ட் எல்லாம் போட்டிருங்க. ஒண்ணு விட்டுப்போகக் கூடாதுங்க" என்றான். லேப்காரர்களுக்குக் கசக்குமா? கொழுப்பு வரைக்கும் எடுத்துவிட்டார்கள்.

நாலு நாள் அனலாகக் கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் காலையில் சில்லென்று ஆகிவிட்டது. காய்ச்சல் விட்டுப்போச்சு! மாமியார் பூவாத்தாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "ஆத்தா கண்ணத் தொறந்துட்டாங்க மாப்ள. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி தலைக்குத் தண்ணி ஊத்திப்போடலாம்" என்றாள். காய்ச்சல் விட்டால் வேப்பந்தழை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். ஊற்றினால்தான் நோய் போனதாக அவர்கள் வீட்டில் கணக்கு. அண்டாவில் தண்ணீர் காயவைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குப் போனும் போட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் செல்வக்குமாரின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. பிளேட்லெட் குறைவுதான். அது ஏறிவிடும் என்று ஊரே சொல்லியிருந்தது. ரிப்போர்ட்டில் இன்னும் கீழே இறங்கினான். எச்.டி.எல். கொலஸ்ட்ரால் பதினாறு. எதிரே நாற்பது என்று போட்டிருந்தது. பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு குட்டி அம்புக்குறி. அடேங்கப்பா! லிமிட் நாற்பது, வந்தது பதினாறு. கம்பெனி செக்கப்பில் அவளுக்கு ஐம்பத்திரண்டு இருந்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. காய்ச்சலோடு கொழுப்பையும் சேர்த்து விரட்டிவிட்டாளே என்று பூரித்துப்போய்க் காரை வாசலுக்கு வரச் சொன்னான்.

"ஏனுங்க, வயிறு ஒரு மாதிரி வலிக்குதுங்க" என்றாள் தேவிப்பிரியா.

"பட்டினி கெடந்த வயிறு கண்ணு. ஊட்டு ரசம் ரெண்டு வாய் உள்ள போனாச் சரியாப் போயிரும்."

இப்படியும் ஒரு கெட்டிக்காரன்!

டாக்டர் ஜோதிகா உள்ளே வந்தபோது பூவாத்தாள் பையைக் கட்டி முடித்திருந்தாள். செல்வக்குமார் போனை நீட்டினான்.

"எல்லாம் லிமிட்டுக்குள்ள வந்திருச்சுங்க டாக்டர். கொலஸ்ட்ரால்கூட அம்பத்திரண்டுல இருந்து பதினாறுக்கு எறங்கிருச்சு. நாங்க கெளம்பறமுங்க."

டாக்டர் அந்த எண்ணைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது எறங்கக் கூடாததுங்க. நல்ல கொலஸ்ட்ரால். நாப்பதுக்கு மேல இருக்கணும்."

சொல்லிக்கொண்டே கட்டிலுக்குப் போய்த் தேவிப்பிரியாவின் வயிற்றை அமுக்கினாள். தேவிப்பிரியா "அம்மா" என்று முனகினாள். டாக்டர் பாதத்தைத் தொட்டாள், ஜில்லென்று இருந்தது. விரல்நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் சிவக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"இந்த ஒரு நம்பரை வெச்சு நான் முடிவெடுக்க மாட்டேன். ஆனா வயிறும் காலும் அதையேதான் சொல்லுதுங்க. டெங்குல காய்ச்சல் விடற நேரந்தான் ஆபத்து. ரத்தக்குழாய் கசிய ஆரம்பிக்கும். இப்பக் கூட்டிட்டுப் போனீங்கன்னா திருப்பிக் கூட்டிட்டு வர்றதுக்கு நேரம் இருக்காது."

செல்வக்குமார் நீட்டிய போனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பூவாத்தாள் கட்டிய பையை அவிழ்த்தாள்.

மத்தியானத்துக்குள் டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. தேவிப்பிரியாவின் பிரஷர் சரிந்தது. ரத்தத்திலிருந்த நீர் வெளியே கசிந்து, மிச்ச ரத்தம் கெட்டியாகிக்கொண்டே போனது. ஜோதிகா கட்டிலை விட்டு நகரவில்லை. குறைந்தால் பிரஷர் விழும், கூடினால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்று சலைனைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்வக்குமார் சுவரோரம் நின்றான். இந்நேரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்போமே என்ற நினைப்பு வந்ததும் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

பிரஷர் கொஞ்சம் பிடிகொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"டாக்டர், கொழுப்புக்கு அங்க என்னங்க வேலை?"

"நல்ல கொழுப்பு ரத்தத்துல சுத்தற ரொம்பப் பொடிப்பொடி உருண்டைங்க. குழாய்ல படியற கொழுப்பை அள்ளிட்டுப் போறது அதுல ஒரு வேலை. இன்னொண்ணும் இருக்குது. குழாயோட உள்பக்கம் இருக்கற செல்லெல்லாம் ஒண்ணையொண்ணு கையப் பிடிச்ச மாதிரி வரிசையா நிக்கும். அந்தப் பிடி விட்டுப்போகாம இறுக்கற ஒரு பொருளை இந்த உருண்டைங்கதான் தூக்கிட்டுத் திரியுதுங்க. கிருமியோட நஞ்சு சிலதையும் பிடிச்சு அடக்கும். வைரஸ் கடுமையா இருக்கும்போது இதுங்க மளமளன்னு கொறைஞ்சு போயிரும். சண்டையில தீர்ந்து போகுதா, இல்ல ஈரல் இதைச் செய்யறது நின்னு போகுதாங்கிறதை இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. ஏத்தறதுக்குன்னு மருந்தும் கிடையாதுங்க. உடம்பு தேறினா அதுவா ஏறும்."

செல்வக்குமார் தன் முன்கையைத் திருப்பி, பச்சையாக ஓடுகிற நரம்பைப் பார்த்தான். இத்தனை நாள் இதற்குள் இப்படி ஒரு காவலா! பனியன் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே ஓடிப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். உடம்பு முழுக்கக் கோடிக்கணக்கான பிடி, ஒன்றும் அவிழாமல், யாரும் கேட்காமல், சம்பளம் இல்லாமல். அவன் வாழ்நாளெல்லாம் திட்டிய கொழுப்பு அல்லவா அங்கே இரவும் பகலும் சுற்றிக்கொண்டிருக்கிறது! கட்டிலில் கிடக்கிற தேவிப்பிரியாவுக்குள் அதில் பாதிக்குமேல் போய்விட்டது, மிச்சம் இருப்பது இன்னும் நிற்கிறது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் அவள் கையையே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், கண்ணீர் அதில் பட்டது.

மறுநாள் கசிவு நின்றது. அதற்கு மறுநாள் தேவிப்பிரியா எழுந்து உட்கார்ந்து, ஊறுகாய் கேட்டாள். பூவாத்தாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் செல்வக்குமார் டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றான். "அந்த நம்பரை இன்னொருக்காப் பாத்துருலாமுங்களா?"

"அவசியமே இல்லீங்க. நல்லாத்தான் இருக்காங்க."

"தெரியுமுங்க. சும்மா, கண்ணுல பாத்துக்கறேனுங்க."

ஜோதிகா சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுத்தாள். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. இருபத்தொன்பது. அம்புக்குறி இன்னும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறிலிருந்து இருபத்தொன்பது! யாரும் மருந்து கொடுக்கவில்லை, யாரும் ஆர்டர் போடவில்லை, உள்ளே அதுபாட்டுக்கு ஒன்றொன்றாக உருட்டிச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. செல்வக்குமார் போனைக் கையில் வைத்தபடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தேவிப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"நாப்பது வேணும், இருபத்தொம்பதுதான் வந்திருக்குது. நான் ஃபெயிலுங்களா? ரிஜெக்ட் சரக்கை ஊட்டுக்கு எடுத்துக்குவீங்களா?"

செல்வக்குமார் போனைப் பைக்குள் போட்டான். அவளுடைய செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தான். குனிந்தவன் அப்படியே அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது.