ஒரே கிளாசில் இரண்டு தலைவர்கள்

“யோகநாதன்ரை பெட்டியைத்தானே சின்னனாக்கச் சொன்னனான். என்ரையை ஏன் பிள்ளை சின்னனாக்கினனீ?”

“மாமா, ரெண்டும் ஒரே கிளாஸ். அந்தக் கிளாசுக்கு என்ன எழுதினாலும் ரெண்டு பெட்டிக்கும் விழும். நேற்றே சொன்னனான், நீங்கள்தான் செய் செய் எண்டு நிண்டனீங்கள்.”

வெஸ்ட்லித் தமிழர் ஒன்றியத்தின் விக்கிப் பக்கத்தில் முன்னாள் தலைவர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பெட்டி. ஒரு படம், கீழே நாலு வரி. பெட்டியின் அளவையும் கரை நிறத்தையும் கணினிக்குச் சொல்லும் கட்டளைக்குப் பெயர்தான் கிளாஸ். பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள் தக்சிலா. ஞாயிற்றுக்கிழமை புதுத் தலைவர் தேர்தல். மறுபடி தலைவராகும் ஆசையில் உருகிக்கொண்டிருந்த பிலேந்திரன், போட்டியாளர் யோகநாதனோடு ஒரே அளவில், ஒரே கரையில் நிற்பதா?

போன கிழமை அவரே களவாக உள்ளே புகுந்து நீலக்கரையைப் பொன்கரையாக்கினார். யோகநாதனுக்கும் பொன்கரை வந்தது. அந்த மனிதர் போன் எடுத்து, “பெரிய மனசண்ணே உங்களுக்கு” என்று நன்றி வேறு சொன்னார். அன்று பிலேந்திரன் சாப்பிடவில்லை. மனைவி அருள்நாயகி சொல்லி வெஸ்ட்லிக்கே தெரியும்.

“அப்ப எனக்குத் தனிய ஒரு கிளாஸ் எழுது.”

“தனிக் கிளாஸ் இப்ப பதவியிலை இருக்கிற தலைவருக்கு மட்டும். நீங்கள் தலைவரா இருக்கேக்கை போட்ட தீர்மானம்தானே மாமா.”

“சரி, என்னை அதிலையிருந்து எடுத்துவிடு.”

“எடுத்தால் கரை, அளவு ஒண்டும் இராது.”

“கரையும் வேண்டாம் அளவும் வேண்டாம், என்ரை முகமே காணும்.”

எடுத்துவிட்டாள். கட்டுப்படுத்த ஆளில்லாத படம், கமெரா எடுத்த முழு அளவில் வந்து விழுந்தது. திரை நிறையப் பிலேந்திரன். யோகநாதன் எங்கோ பாதாளத்தில். திருத்தட்டுமா என்று தக்சிலா கேட்டாள்.

“கை வைக்கப்படாது,” என்றார் அவர். அப்படியொரு நிம்மதி.

ஞாயிறன்று குரோருட் மண்டபத்தில், வேட்பாளர்களைப் பற்றி வாசிக்க அந்தப் பக்கத்தைச் சுவரில் போட்டார்கள். முதலில் நெற்றி. கீழே தள்ளினார்கள்; மூக்கு. இன்னும் தள்ளினார்கள், மீசை, அதுவும் பாதிதான். முன்வரிசையிலிருந்த பவளம் எழும்பி, “இவர் தலைவரானால் மற்ற ஆக்களுக்கு நிக்க இடம் கிடைக்குமோ?” என்று கேட்டாள். சிரிப்பு அடங்குமுன் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது.

யோகநாதன்தான் தலைவர். தன் மகள் மேரின் பாவம், தனிய இருக்கிறாள் என்று சொல்லி, பிலேந்திரன் அந்தக் கோடையிலேயே வீட்டை விற்று, அருள்நாயகியையும் கூட்டிக்கொண்டு தூர வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போனார். மேரினுக்கு ஜோனாஸ் என்றொரு கணவனும் இரண்டு பிள்ளைகளும் இருப்பது மறந்துபோயிருக்கும். தக்சிலா தன் காதலன் திலக்சனைக் கட்டினாள். யாருடைய படம் பெரிசு என்ற சண்டை கலியாண அல்பத்திலும் வேண்டாமென்று ஒன்றியத்துக்காரர் எவருக்கும் அழைப்பில்லை.