கைப்பிடி இருக்கும் பக்கம்

சகலை முகேஷ் மேல் தனக்கு எந்தப் பொறாமையும் இல்லை என்று அசோகன் பலரிடம் சொல்லியிருக்கிறான். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறான்.

மர்பி டவுன் சந்திரம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சுனிதாவை அசோகன் கட்டியிருந்தான். சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டினான். இளையவள் ஷோபாவை முகேஷ் கட்டியிருந்தான். பொம்மசந்திராவில், ஏரிகளில் ஆகாயத்தாமரை அள்ளும் படகுகளைச் செய்து கொடுக்கும் கம்பெனியில் அவன் மெக்கானிக். சந்திரம்மா மருமகன்களைப் பெரிய மாப்ள, சின்ன மாப்ள என்று கூப்பிடுவாள். வயதில்தான் அசோகன் பெரியவன். மாமியார் வீட்டில் கறித்துண்டு விழுவதெல்லாம் சின்னவன் தட்டில்.

இப்போது அந்தச் சின்னவன்தான் அவனுக்கு ஒரு லோடும் பிடித்துக் கொடுத்திருந்தான். கம்பெனி வண்டி பழுதாகிக் கிடந்ததால், படகின் பின்புறம் மாட்டும் சிறிய மோட்டார் ஒன்றை ஹெப்பாளுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் இனி மாதாமாதம் அசோகன் வண்டிக்கே லோடு. வாரத்தில் பாதி நாள் ஸ்டாண்டில் சும்மா நிற்கும் வண்டிக்கு அது பெரிய விஷயம். “முகேஷ் கேட்டு வாங்கிக் குடுத்திருக்காரு, ஒழுங்கா போய்ட்டு வா” என்று சுனிதா காலையில் டீயோடு சேர்த்துக் கொடுத்ததுதான் அசோகனுக்குத் தொண்டையில் நின்றது.

பொம்மசந்திரா ஷெட்டில் முகேஷ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றான். ஏரிக்கு அரசாங்க இன்ஜினியர் வருகிறாராம். மரத்தில் அவனே அடித்த ஸ்டாண்டில் மோட்டாரை நிமிர்த்தி மாட்டியிருந்தான். பெட்ரோலை வடித்து, உள்ளே நின்ற தண்ணீரையும் வடிய விட்டிருந்தான். இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். அசோகன் கயிறு போட்டு இறுக்கினான்.

“அண்ணா, மூடி மேல கயிறு வேணாம். ஸ்டாண்டோட சேத்துக் கட்டிடுங்க” என்றான் முகேஷ்.

அசோகன் அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“நிக்கவெச்சே கொண்டாந்துடுங்கண்ணா. ஒருவேளை படுக்க வெக்கிற மாதிரி ஆச்சுன்னா, இந்தக் கைப்பிடி மடிஞ்சிருக்கு பாருங்க, இந்தப் பக்கம் கீழ போகணும். மாடலுக்கு மாடல் மாறும், இதுக்கு இப்டி. மாத்தி வெச்சா ஆயில் ஓடி சிலிண்டருக்குள்ள பூந்துடும். அது தெரியாம கயித்த இழுத்தா உள்ள ராடே வளைஞ்சுடும்.”

ஷெட்டில் வேலை செய்த பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எத்தினி வருஷமா லோடு அடிக்கிறேன்னு தெரியுமா தம்பி உனக்கு?”

“தெரியாதாண்ணா? சும்மா சொன்னேன்” என்று சிரித்துவிட்டு முகேஷ் பைக்கை உதைத்தான். நேராக ஏரிக்குப் போய்ப் படகைத் தயார் செய்ய வேண்டும் அவனுக்கு.

வழியில் இன்னொரு வேலையும் இருந்தது. பொம்மனஹள்ளியில் ஷோபா புது ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டாள். பழையதை அம்மாவுக்குக் கொடுக்கிறாள். அதையும் ஏற்றிக்கொண்டு, மகள் வீட்டுக்கு வந்திருந்த சந்திரம்மாவையும் ஏற்றிக்கொண்டு, மர்பி டவுனில் இறக்கிவிட்டு ஏரிக்குப் போவதென்று ஏற்பாடு. மாமியாருக்கு ஃப்ரிட்ஜ் கொடுப்பவன் சின்னவன், சுமப்பவன் பெரியவன்.

ஃப்ரிட்ஜைப் பார்த்ததுமே இடம் போதாது என்று தெரிந்தது. பிக்கப்பில் முன்பக்கம் ஸ்டெப்னியும் ஜாக்கியும் கிடந்தன. நடுவில் ஸ்டாண்டு அகலமாகக் காலைப் பரப்பி நின்றது. அசோகன் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு மோட்டாரைக் கழற்றினான். ஸ்டாண்டை ஓரமாகச் சாத்தினான். ஸ்டெப்னி மேல் பழைய கம்பளியை மடித்துப் போட்டு, மோட்டாரின் தலையை அதன் மேலும் விசிறிப் பக்கத்தைக் கீழேயும் வைத்துப் படுக்கப் போட்டான். தலை உயரமாக இருக்க வேண்டும் என்பது அவனுக்கே தெரிந்த விஷயம். கைப்பிடி? பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எதைப் படுக்கப் போட்டாலும் கைப்பிடி இருக்கும் பக்கம் மேலே. மாறினால் கைப்பிடி உடையும், கூலி போய்விடும். வண்டி ஓட்ட வந்த முதல் மாதத்திலேயே கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. முகேஷ் சொன்னது காதில் இருக்கத்தான் செய்தது. இருந்ததாலேயே கை வேறு பக்கம் போனது.

“முகேஷ் தம்பி வேற மாதிரி சொல்லிக்கினு இருந்தாரே, நேத்து போன்ல பேசும்போது கேட்டேன்” என்றான் பக்கத்து வீட்டு ஆள்.

“அவரு ஷெட்டுக்குள்ள இருக்கிறவரு. ரோட்டுல நாமதான” என்றான் அசோகன்.

சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி ஊர்ந்தது. சந்திரம்மா முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“சின்ன மாப்ளைக்கு இன்னா மனசு பாரு. வித்திருந்தா காசு வந்திருக்கும். அத்தைக்குன்னு எடுத்து வெச்சாரு.”

“ம்.”

“உனக்கும் லோடு வாங்கிக் குடுத்திருக்காராமே.”

“அவரு வாங்கிக் குடுக்கல அத்த. வண்டி வேணும்னாங்க, என் வண்டி இருந்துச்சு.”

“அதான், அவரு சொல்லித்தான வேணும்னாங்க?”

அசோகன் ஹாரனை அழுத்தினான். முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பி, “ஹாரிகொண்டு ஹோகலா?” என்று கேட்டார். பறக்கவா முடியும்? அசோகனுக்கும் அதுதான் தோன்றியது.

மர்பி டவுனில் ஃப்ரிட்ஜை இறக்கி உள்ளே வைத்தார்கள். “அத்த, உடனே சுச்சு போடாதீங்க. ஆடிக்கினு வந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும் அப்டியே நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவன் வண்டிக்குத் திரும்பினான். ஸ்டாண்டுக்கு இப்போது இடம் இருந்தது. மோட்டாரைத் தூக்கி மாட்டலாம் என்று அதன் தலைப்பக்கம் குனிந்தான்.

மூடியின் விளிம்பில் ஆயில் கசிந்து கம்பளியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறையாகியிருந்தது. வெளியே இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவோ.

லோடு போச்சு. சுனிதா முகத்தில் எப்படி முழிப்பது? அடுத்து வந்த எண்ணம் அவனுக்கே புதிதாக இருந்தது. யாருக்குத் தெரியும்? துடைத்துவிட்டு ஸ்டாண்டில் நிமிர்த்தி மாட்டினால், நிமிர்த்தி அனுப்பியது நிமிர்ந்தே வந்ததாகத்தான் தெரியும். சர்வீஸ் செய்தது முகேஷ். இன்ஜினியர் முன்னால் கயிறு இழுக்கப் போவதும் முகேஷ். மோட்டார் கெட்டால் கெட்டது அவன் கை வேலை.

அசோகன் சுத்தமாகத் துடைத்தான். கம்பளியைச் சுருட்டி சீட்டுக்குப் பின்னால் திணித்தான். தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டு மோட்டாரை ஸ்டாண்டில் மாட்டினான். கயிற்றை மூடி மேல் போடாமல் ஸ்டாண்டோடு சேர்த்து, முகேஷ் சொன்னபடியே கட்டினான்.

ஏரிக்கரையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். அரசாங்க இன்ஜினியர் குடை பிடித்து நின்றார். பக்கத்தில் கம்பெனி முதலாளி ப்ரஹ்லாத், பேசும் வார்த்தைக்கு ஒரு தடவை வாட்சைப் பார்க்கிற ஆள். மோட்டாரைத் தூக்கிப் படகில் மாட்டினார்கள். பெட்ரோல் குழாயைச் சொருகினார்கள். அசோகன் புங்க மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அந்தச் சிரித்த முகம் விழுவதைப் பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவன் நல்லவனாக இருந்துகொள்வான்.

“ஆயில் பாத்தியா?” என்று ப்ரஹ்லாத் கேட்டார்.

“காலைல பாத்தேன் சார். வழியில ஆடியிருந்தாதான் மறுபடி பாக்கணும். எங்க அண்ணன் எப்டி கொண்டாந்திருக்காரு பாத்தீங்கல்ல, ஸ்டாண்டு கூட நகரல” என்று முகேஷ் மரத்தடியைக் காட்டிச் சொன்னான். எல்லோரும் அசோகனைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஜினியர்கூடத் தலையை ஆட்டினார்.

மாமியார் வீட்டில் இத்தனை வருஷத்தில் யாரும் அவனை இப்படி நாலு பேர் முன்னால் காட்டிப் பேசியதில்லை. அதையும் இவன்தான் செய்ய வேண்டுமா?

“ஸ்டார்ட் மாடி” என்று கிளப்பச் சொன்னார் இன்ஜினியர்.

முகேஷ் ஒரு காலை ஊன்றி, கயிற்றின் பிடியைக் கையில் எடுத்தான்.

“இழுக்காத!”

தன் குரல்தானா என்று அசோகனுக்கே சந்தேகமாக இருந்தது. கரையில் இறங்கி ஓடினான். செருப்புச் சேற்றில் மாட்டிக்கொண்டது. படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, முகேஷுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். “படுக்க வெச்சுட்டேன்டா. கைப்பிடி மேல.”

முகேஷ் அவனைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் சிரிப்பு இல்லை.

“ஏனாயித்து? என்ன ஆச்சு?” என்றார் இன்ஜினியர்.

“ஒந்து நிமிஷா சார். ப்ளக் செக் மாட்தீனி” என்று ஒரு நிமிடம் கேட்டான் முகேஷ்.

முகேஷ் மூடியைத் திறந்து, ப்ளக்குகளைக் கழற்றி, ஒரு துணியை வைத்து மறைத்துக் கயிற்றை மெதுவாக இழுத்தான். துணி போதவில்லை. ஓட்டையிலிருந்து பீய்ச்சியடித்த ஆயில் வெள்ளைச் சட்டையில் காலரிலிருந்து பெல்ட் வரை கோடு போட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

ப்ரஹ்லாத் அருகில் வந்தார். “யாரு இதைப் படுக்க வெச்சது?”

அசோகன் வாயைத் திறப்பதற்குள் முகேஷ் சொல்லிவிட்டான். “நான்தான் சார். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ஒண்ணு ஏத்தச் சொல்லியிருந்தேன், எடம் பத்தல.”

“கம்பெனி மோட்டாரோட உன் வீட்டு ஃப்ரிட்ஜா? மூளை இருக்கா உனக்கு? அதுவும் சார் வர்ற அன்னிக்கு?”

முகேஷ் தலையைக் குனிந்துகொண்டு ப்ளக்கைத் துடைத்தான். ப்ரஹ்லாத் நிறுத்தவில்லை. அசோகன் ஆசைப்பட்ட காட்சி கையெட்டும் தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. அவன் படகுக்குள் தேங்கிய சேற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குறைந்த ஆயிலை ஊற்றி, ப்ளக்கை மாட்டி இழுத்தபோது மோட்டார் கக்கிய புகையில் இன்ஜினியர் குடையோடு பின்வாங்கினார். பிறகு புகை மெலிந்து, சத்தம் சீரானது. படகு ஆகாயத்தாமரையைப் பிளந்துகொண்டு போனது.

கிளம்பும்போது ப்ரஹ்லாத், “டிரைவர் சொல்லலைன்னா இன்னிக்கு மோட்டார் காலி. இனிமே இவரையே கூப்பிடு” என்று முகேஷிடம் சொன்னார்.

மதியம் சாப்பாடு மர்பி டவுனில். முகேஷைப் பார்த்ததும் சந்திரம்மா கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

“ஐயையோ, இன்னா சின்ன மாப்ள இது? இன்னிக்கு இஸ்திரி போட்ட சட்டையாச்சே!”

“ஒண்ணுமில்ல அத்த. வேலைல பட்டது.”

“வேலைல இல்ல” என்றான் அசோகன். “நான் பண்ணது. அவன் ஒண்ணு சொன்னான், நான் ஒண்ணு பண்ணேன். முதலாளிகிட்ட திட்டும் அவனே வாங்கிக்கினான்.” சொன்னதும் நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கிவிடும் என்று நினைத்திருந்தான்.

சந்திரம்மா மோவாயில் கையை வைத்தாள். “பாத்தியா பெரிய மாப்ள, உன்ன ஒரு வார்த்தை திட்டினாரா? தங்கம்!”

இறங்கவில்லை. இன்னொரு படி ஏறித்தான் உட்கார்ந்தது. வாயை மூடிக்கொண்டு சோற்றைத் தின்றிருக்கலாம். அசோகன் எழுந்து போய்க் கைப்பிடியைப் பிடித்து ஃப்ரிட்ஜைத் திறந்தான். உள்ளே இருட்டாக இருந்தது.

“அதுல தண்ணி இல்ல பெரிய மாப்ள. இன்னும் சுச்சே போடல” என்றாள் சந்திரம்மா சமையலறையிலிருந்து. “ஆடிக்கினு வந்த ஃப்ரிட்ஜை உடனே போடக் கூடாதாம், சாயங்காலம் வரைக்கும் நிக்கணுமாம். சின்ன மாப்ள சொன்னாரு. எவ்ளோ விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்காரு!”

முகேஷ் திகைத்து நிமிர்ந்தான். “நான் எங்க அத்த சொன்னேன்? நான் இன்னும்...”

“வுடு தம்பி” என்றான் அசோகன், கதவைச் சாத்தியபடி. “திட்டு வாங்கினல்ல. இதையும் நீயே வெச்சுக்க.”