ஆறு அங்குலம்

என் வண்டியை ஆறு அங்குலம் இறக்கியது நான்தான். யாரும் சொல்லவில்லை, யாரும் கெஞ்சவில்லை. நானாக ஜாக்கியைப் போட்டேன், நானாக போல்ட்டைக் கழற்றினேன், நானாகவே என் பெண்டாட்டி தலையில் மண்ணை வாரிப் போட்டேன்.

அதை முதலில் தூக்கியதும் நான்தான். பதினாறு வருஷம் ஆகிறது. ஒரே வரிசை சீட்டும் நீளமான பின்தொட்டியும் உள்ள பெரிய பிக்கப் டிரக். டெக்ஸாஸின் வடக்கு மூலையில் எங்கள் ஊரில், கம்பெனி கொடுத்த உயரத்திலேயே வண்டி ஓட்டுகிறவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். முன்பக்கம் அச்சைத் தாழ்த்திப் பிடிக்கும் இரும்புச் சட்டங்கள், பின்பக்கம் ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டைகள், முப்பத்தைந்து அங்குல டயர். அடியில் ஒரு குறுக்குச் சட்டம் இடித்தது, அதை ரம்பத்தால் அறுத்து எறிந்தேன். வேலை முடிந்த அன்று நெல்டா ஷெட்டுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து வண்டியை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல ஏற எனக்கு ஏணி வாங்கித் தருவியா, இல்ல ஹெலிகாப்டர் வருமா?" என்றாள். சொல்லிவிட்டு ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நெல்டா இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அவளிடம் 'உக்காருடா' என்று திட்டு வாங்கியவர்கள்தான். பிறகு கால் தடுக்க ஆரம்பித்தது. அமாரில்லோவில் பெரிய டாக்டர் நோய்க்கு ஒரு நீளமான பெயரைச் சொன்னார். முதலில் கால், அப்புறம் கை, கழுத்து, கடைசியில் மூச்சு என்று வரிசையையும் சொன்னார். மருந்து என்று எதையும் சொல்லவில்லை.

சக்கர நாற்காலி வந்த பிறகு அவள் ஒவ்வொன்றாக விட்டாள். சர்ச்சுக்கு வரமாட்டேன் என்றாள். கடைக்கு வரமாட்டேன் என்றாள். கேட்டால் "பிடிக்கல" என்பாள். ஏன் பிடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. இரைச்சல் போடும் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டு, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லத் தெரிந்த மனிதன் நான். என் பெண்டாட்டி சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்குக் காது கொடுக்கவில்லை.

அவள் விடாதது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். பையன்களின் ஃபுட்பால், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர் ஆட்டம். எங்கள் பள்ளியில் பதினொரு பேரைச் சேர்க்க ஆள் கிடையாது, பக்கத்துக்கு ஆறு பேர் வைத்து ஆடுவார்கள். மைதானத்தைச் சுற்றி வேலி. வேலியை ஒட்டி ஊர்வண்டிகள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அவரவருக்கு ஓர் இடம், அதில் பேச்சே கிடையாது. வடகோடியில் நிற்பது எங்கள் வண்டி. வேலி முழுக்கக் கடைக்காரர்களின் விளம்பரத் துணி கட்டியிருக்கும், நெஞ்சு உயரத்துக்கு மேலேயே. எங்கள் வண்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு நெல்டா மேலேயிருந்து பார்ப்பாள். அவளோடு பேச வருகிறவர்கள் அண்ணாந்துதான் பேச வேண்டும். பையன்கள் ஓடுகிற ஓட்டத்தில் கையை மேலே ஆட்டி, "மிஸ் நெல்டா!" என்று கத்துவார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவள் மற்ற ஆறு நாளைத் தள்ளினாள். என்னிடம் அவள் கேட்டதும் அது ஒன்றுதான்: "இந்த சீசன் முழுக்கக் கூட்டிட்டுப் போயிடு, ராய்ஸ். அடுத்த சீசனை நான் கேக்கல."

ஆகஸ்ட் கடைசியில் முதல் ஆட்டம். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாள், இறக்கினேன். திரும்ப ஏற்றும்போது, அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்து எம்பினேன். என் வலது தோளில் ஏதோ பட்டென்று அறுந்தது. நெல்டா என் கையிலிருந்து நழுவி ஜல்லியில் விழுந்தாள். ஆட்டமே ஒரு நிமிஷம் நின்றது. எதிரணிப் பையன்களின் அப்பன்மார் இரண்டு பேர் ஓடிவந்து அவளைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வீடு திரும்பும் வழியில், முழங்கை தோல் உரிந்து ரத்தம் கசிய, அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "அந்த அஞ்சாம் நம்பர் பையன் இன்னிக்கு மூணு தடவை பந்தைக் கீழ போட்டான். நீ ஒரு தடவைதான் போட்ட. விடு."

நான் சிரிக்கவில்லை. ஆறு அங்குலம் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. இந்த ஆறு அங்குலம் மட்டும் இல்லாவிட்டால் நாற்காலியை ஒட்டி நிறுத்தி, ஒரு பலகை போட்டு, அப்படியே சீட்டுக்கு நகர்த்திவிடலாம். தூக்கவே வேண்டாம்.

அடுத்த ஆட்டம் வெளியூரில். எனக்குப் பதினைந்து நாள் கிடைத்தது. தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு ஷெட்டில் இறங்கினேன். சைலன்ஸர் கடை வைத்திருக்கும் க்ளீவ் துணைக்கு வந்தான். அவனும் நானும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறவர்கள்.

"அறுத்துப் போட்ட சட்டத்தைத் திரும்ப வெச்சு ஒட்டணும்கிறியே, அன்னிக்கே நான் சொன்னேனா இல்லையா, அறுக்காதடா மடையான்னு?"

"நீதாண்டா ரம்பத்தைக் கொடுத்த."

"நீ கேட்ட, கொடுத்தேன்." வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தான். "நெல்டா கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. அவளுக்குத் தெரியாம பண்றேன். வெள்ளிக்கிழமை பாக்கட்டும்."

"கேட்டுட்டுப் பண்ணலாமே."

"கேட்டா வேணாம்பா. என் தோளுக்காக வேணாம்பா."

க்ளீவ் தோளைக் குலுக்கிவிட்டு முகமூடியை இறக்கிக்கொண்டான். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. வீட்டில் ஒரு துக்கம் என்றால் ஷெட்டுக்குப் போய் எதையாவது கழற்றுவோம். பிறந்த நாளுக்கு, சமாதானத்துக்கு, சாவுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்பானர். வீட்டுக்குள்ளிருந்து நெல்டா கத்துவாள், "என்னய்யா அங்க உருட்டிக்கிட்டே இருக்க?" நான் "ஆயில் மாத்துறேன்" என்பேன். பதினைந்து நாள் ஆயில் மாற்றினேன்.

கழற்றிய சட்டங்களைத் துடைத்து இணையத்தில் போட்டேன். கான்சாஸிலிருந்து ஒருவன் அதே வாரம் வந்து எல்லாவற்றையும், பெரிய டயர்கள் உட்பட, ஏற்றிக்கொண்டு போனான். அவன் போகும்போது கையாட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வெள்ளிக்கிழமை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வண்டி தரையோடு உட்கார்ந்திருந்தது. நெல்டா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்படி?" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

"நல்லா பண்ணியிருக்க," என்றாள்.

பலகையில் ஒரே நகர்த்தலில் சீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் நான்தான் பேசினேன். வடகோடியில் எங்கள் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். முன்கண்ணாடிக்கு நேர் எதிரே தீவனக் கடை விளம்பரத் துணியின் பின்பக்கம் நின்றது. எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. அதற்கு மேலே ஆகாயம். விசில் ஊதினார்கள். காலடிச் சத்தம் கேட்டது. பையன் ஒருவனின் ஹெல்மெட் உச்சி ஒரு தடவை தெரிந்து மறைந்தது.

வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று பார்த்தேன். எல்லாப் பக்கமும் துணி, எல்லா இடத்திலும் வண்டி.

அப்புறம் ஜனங்கள் வந்தார்கள். முன்பெல்லாம் அண்ணாந்து கை நீட்டியவர்கள் இப்போது முழங்காலை மடக்கிக் குனிந்தார்கள். குனிந்ததும் குரலும் மாறிவிட்டது. "எப்படி இருக்கோம் நாம, கண்ணு?" என்று கேட்டாள், நெல்டாவை விடப் பத்து வயது சின்னவள் ஒருத்தி. இன்னொருத்தி ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். நெல்டா எல்லோருக்கும் சிரித்தாள். பாதி ஆட்டத்தில், "வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

எங்கள் சந்து திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள். அப்போதே நாக்கு கொஞ்சம் குழறும், நிறுத்தி நிறுத்திப் பேசுவாள்.

"நாற்காலியில உக்காந்தா எல்லாருடைய தொப்பைதான் கண்ணுக்கு நேரா வருது, ராய்ஸ். எல்லாரும் என்னைக் குனிஞ்சு பாக்கறாங்க. உன் வண்டியில ஏறினா மட்டும்தான் நான் பழைய ஆளு. அதையும் கொண்டுபோய் நாற்காலி உசரத்துக்கு இறக்கிட்ட."

"உன்னைக் கீழ போட்டுட்டேனே. மறுபடி போட்டுருவேனோன்னு..."

"கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "ஷெட்டுல எஞ்சின் தூக்குற கிரேன் வெச்சிருக்க. எஞ்சினை விட நான் கனமா? ஒரு பட்டையைப் போட்டுத் தூக்கி உள்ள வெச்சிருந்தா, நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

நான் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அந்தக் கிரேன் முப்பது வருஷமாக என் ஷெட்டில் நிற்கிறது. கைப்பிடியை அடித்தால் அரை டன் எஞ்சின் பூப்போல மேலே வரும். அது ஒரு தடவைகூட என் புத்திக்கு வரவில்லை.

மறுநாளே கான்சாஸ்காரனைக் கூப்பிட்டேன். மாட்டிவிட்டேன், தரமாட்டேன் என்றான். கம்பெனிக்குப் போன் போட்டுப் புதிதாக அனுப்பச் சொன்னேன். மூன்று வாரம் என்றவர்கள் ஆறு வாரம் இழுத்தார்கள். அந்த ஆறு வாரத்தில் நெல்டாவின் கை போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் படுத்துக்கிடந்தாள். சட்டங்களும் டயர்களும் வந்து இறங்கியதும், க்ளீவ் தான் ஒட்டிய குறுக்குச் சட்டத்தைத் தானே அறுத்தான். இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. என் தோளால் போல்ட்டை முழுக்க இறுக்க முடியாது, நான் திருகுவேன், அவன் இறுக்குவான். நவம்பரில் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வண்டி பழைய உயரத்துக்கு வந்தது.

அதே வாரம் அவள் கழுத்து விழுந்தது.

டாக்டர் கொடுத்த கழுத்துப் பட்டையைப் போட்டால் மூச்சு முட்டியது. நெற்றியில் துணி கட்டி சீட்டோடு சேர்த்துப் பார்த்தேன், "கன்னுக்குட்டியைக் கட்டுற மாதிரி கட்டாத" என்று அழுதாள். சீட்டைச் சாய்த்தால் கூரை தெரிந்தது. நிமிர்த்தினால் தலை தொங்கி மடி தெரிந்தது.

"வேணாமா?" என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

"போலாம்," என்றாள்.

க்ளீவும் நானும் அவள் உடம்பைச் சுற்றித் தூக்குப்பட்டையைப் போட்டு, கிரேனின் கைப்பிடியை மெல்ல மெல்ல அடித்து அவளை உயர்த்தினோம். ஆடாமல் அசையாமல் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவு சுலபம் அது. மைதானத்தில் இறக்கவே மாட்டேன் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

வடகோடியில் நிறுத்தினேன். மைதானம் முழுக்க விரிந்து கிடந்தது, துணிகளெல்லாம் எங்கோ கீழே. நெல்டா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடதுபக்க ஸ்டியரிங் சீட்டிலிருந்து அவள் பக்கம் நகர்ந்து, வலது கையை அவள் மோவாய்க்குக் கீழே கொடுத்து நிமிர்த்திப் பிடித்தேன். இடது கையால் பிடிக்கத் திரும்பினால் நானே அவளுக்கு முன்னால் மறைத்தேன். பின்சீட் இல்லாத வண்டி, பின்னாலிருந்தும் பிடிக்க முடியாது. அந்தக் கெட்டுப்போன தோள்தான் மிச்சம்.

அவள் கண் அங்குமிங்கும் ஓடியது. பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி பார்த்தாள். "ரெண்டு பேரும் எவ்ளோ வளந்துட்டானுங்க," என்றாள். யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். கை நாலு நிமிஷம் தாங்கியது. பிறகு தானாகவே இறங்கிவிட்டது. தலை தொங்கிற்று. இடது கையால் வலது கையைத் தாங்கி மறுபடி நிமிர்த்தினேன். ஒரு நிமிஷம். மறுபடி விழுந்தது.

அப்போது மைதானம் அலறியது. சுற்றிலும் நின்ற அத்தனை வண்டியும் ஹாரனை அடித்தது. எங்கள் பையன் யாரோ பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டான்.

"யாரு? யாரு ராய்ஸ்?" என்றாள் மடியைப் பார்த்தபடி.

நான் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

"காஸன்," என்றேன். நன்றாக ஆடுகிறவன் அவன் ஒருத்தன்தான், அவனாகத்தான் இருக்கும் என்று. "நடுவுல புகுந்து ஒரே ஓட்டமா ஓடினான் பாரு. நீ பாத்திருக்கணும்."

ஒலிபெருக்கி கரகரத்தது. பதினொன்றாம் நம்பர், மாட்டியோ ரியோஸ் என்றார்கள். மூன்று வருஷம் பஸ்ஸில் அவள் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வந்த பையன். பந்தே கைக்கு வராத பையன். இன்றைக்குத்தான் முதல் தடவை.

நான் இரண்டு கையையும் கொடுத்து அவள் முகத்தை நிமிர்த்தினேன். அதற்குள் பையன்கள் கலைந்து அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள்.